தளர்ந்த காலத்திற்கான கைப்பொருள்

இல்லறத்தைத் துறந்து புறப்படுமுன் யாக்ஞவல்கியர் ஒரு காரியத்தை முடிக்க எண்ணினார். மனைவியரான மைத்ரேயி, காத்யாயனி இருவருக்கும் செல்வத்தைப் பங்கிட்டுத் தர முன்வந்தார். அச்செல்வத்தால் அமரத்துவம் கிட்டுமா என்று மைத்ரேயி கேட்க, பிருகதாரண்யக உபநிஷதத்தின் அரிய உபதேசம் பிறந்தது. கற்போர் உபதேசத்தை நினைவில் கொள்கின்றனர், பங்கீட்டை மறந்துவிடுகின்றனர். துறவு பூணும் ஞானியும் தம்மை நம்பியிருந்தோருக்கு ஏற்பாடு செய்யாமல் புறப்படவில்லை.

“எல்லாம் பகவான் பார்த்துக்கொள்வான்” என்று முதுமைக்கு எதுவும் வைக்காதிருப்பதைச் சரணாகதி என எண்ணும் அன்பர்கள் உண்டு. அந்தப் பாரம் பகவான்மீது இறங்குவதில்லை. பெரும்பாலும் மருமகள்மீதோ, வேலையை விட்டுவிட்டு வீட்டில் தங்கும் மகள்மீதோதான் இறங்குகிறது.

மகாபாரதத்தின் ஆசிரமவாசிக பர்வம் இதைக் கூர்மையாகக் காட்டுகிறது. போருக்குப் பின் திருதராஷ்டிரர் பதினைந்து ஆண்டுகள் பாண்டவர்களின் ஆதரவில் வாழ்ந்தார். தருமர் ஒரு குறையும் வைக்கவில்லை. பீமனின் சொற்களோ சுட்டன. வனம் புகுமுன், பீஷ்மருக்கும் மாண்ட புதல்வர்களுக்கும் சிராத்தம் செய்ய முதியவர் பொருள் வேண்டினார். பீமன் மறுத்தான். தருமரும் அர்ஜுனனும் தங்கள் பொருளிலிருந்து தந்தனர். (அவர் அந்நிலைக்கு வந்த காரணம் வேறு கதை.) தருமர் தலைமை தாங்கிய வீட்டிலேயே கையில் பொருளற்ற முதியவரின் நிலை இது.

இன்றைய முதுமையின் செலவு மருத்துவமனையோடு முடிவதில்லை. மருத்துவக் காப்பீடு பொதுவாக மருத்துவமனையில் சேர்ந்தால் உதவும். 2024 அக்டோபரில் 70 வயது நிறைந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டமும் அத்தகையதே. பக்கவாதத்தில் வீழ்ந்தவரை நாள்தோறும் புரட்டிப் படுக்கவைக்கும் உதவியாளரின் சம்பளம், காற்றுமெத்தை, டயாபர், பிசியோதெரபி ஆகியவற்றுக்குக் கைப்பொருளே வேண்டும். இது ஆண்டுக்கணக்கில் நீளக்கூடியது. ஐம்பது வயதிலேயே தம் ஊரில் உதவியாளருக்கு மாதம் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்து, அதற்கென்று தனி நிதியைத் தொடங்குவது இல்லறத்தாரின் கடமை. பிள்ளைகளின் திருமணத்திற்கு வைத்த பணத்தோடு இதைக் கலத்தல் ஆகாது. அறுபது வயதுக்குப் பின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் வரை வைக்கலாம். வட்டி காலாண்டுதோறும் கைக்கு வரும். ஆயினும் விலைவாசி ஏற ஏற, அந்த வட்டி மட்டும் போதாது போகும்.

சேமிப்பு முழுவதும் கணவனின் நோய்க்கே கரைந்துவிடுவதும் உண்டு. அவனுக்கு இரவு பகலாகப் பணிவிடை செய்த மனைவி பின்னர் தனித்து நிற்கிறாள். வனத்திற்குச் சென்றபோது காந்தாரி குந்தியின் தோளைப் பற்றினாள். திருதராஷ்டிரர் காந்தாரியின் தோளைப் பற்றினார். குந்தி யார் தோளைப் பற்றுவாள் என்று எவரும் கேட்கவில்லை. நிதியை வகுக்கும்போது முதலில் மனைவியின் பங்கை ஒதுக்க வேண்டும்.

நினைவு மங்கும் நோயை எண்ணியும் சில காரியங்களை முன்பே செய்துவைக்க வேண்டும். எழுதிக்கொடுத்தவர் மனத்தெளிவை இழந்தால் அவர் தந்த பவர் பத்திரம் நம் நாட்டுச் சட்டப்படி செல்லாது போகும். நாமினி நியமனமோ மரணத்திற்குப் பின்னரே பயன்படும். கணவன் மனைவி இருவரில் எவரும் தனித்து இயக்கக்கூடிய கூட்டுக் கணக்கை அறிவு தெளிவாய் இருக்கும்போதே தொடங்குவது நலம்.

வீட்டைப் பாசத்தால் எழுதிக்கொடுத்துவிடுவோர் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவை அறிந்திருத்தல் வேண்டும். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைப் பெற்றவர் அதைக் கைவிட்டால், தீர்ப்பாயம் அந்த எழுத்தைச் செல்லாததாக்கலாம். அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதக் கூச்சப்படுவோர், வீட்டைத் தம் பெயரிலேயே வைத்துக்கொண்டு உயில் எழுதலாம்; உயிரோடு இருக்கும்வரை அதை மாற்றவும் முடியும்.