பட்டில் எழுதிய மடல்

துன்புறுத்தப்படுகிறவன் விடுதலையை வேண்டலாம்; அதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால், அவ்விடுதலையை எவ்வழியில் வேண்டலாம்? 1801ஆம் ஆண்டு கொரியாவில் எழுதப்பெற்ற ஒரு மடல் இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

கொரியத் திருச்சபை எழுத்தால் பிறந்த சபை. சீனத்தில் இயேசு சபையார் இயற்றிய நூல்களை அந்நாட்டு அறிஞர் சிலர் தாமே கற்று விசுவாசத்தை நாடினர். அவர்களுள் ஒருவரான யி சுங்-ஹுன் 1784இல் பெய்ஜிங்கில் திருமுழுக்குப் பெற்றுத் திரும்பினார். குரு ஒருவரும் கால் வைக்குமுன்னரே அங்குத் திருச்சபை இருந்தது! அவ்வறிஞர் மரபில் வந்தவரே ஹ்வாங் சா-யோங். பதினாறாம் வயதிலேயே அரசுத் தேர்வில் வென்று, மன்னர் ஜொங்ஜோவின் பாராட்டைப் பெற்றவர்.

மன்னர் 1800இல் மறைய, மறு ஆண்டே வேதகலாபனை மூண்டது. சீனத்திலிருந்து வந்து மறைவாகப் பணியாற்றிய ஒரே குருவும் தலை வெட்டுண்டார். ஹ்வாங், பேரொன் என்னும் மலையூரில், மட்பாண்டம் செய்து பிழைத்த ஏழைக் கிறிஸ்தவர்களிடம் அடைக்கலம் புகுந்து, குகையொன்றில் பல மாதம் ஒளிந்திருந்தார். அங்கே, 62 செ.மீ. நீளமும் 38 செ.மீ. அகலமும் கொண்ட வெண்பட்டில், பதின்மூவாயிரத்துக்கும் மேற்பட்ட சீன எழுத்துகளைப் பொடிப்பொடியாக எழுதினார். மடல் பெய்ஜிங் ஆயருக்கு. அதன் பெரும்பகுதி மறைசாட்சியரின் வரலாறே: யார் எப்படிப் பிடிபட்டனர், எப்படி மடிந்தனர் என்பன. அவர் எழுதிவையாவிடின், அவர்களுள் பலரைப் பற்றி நாம் மிகக் குறைவாகவே அறிந்திருப்போம்.

இறுதியில்தான் வேண்டுகோள்கள் வருகின்றன. (ஆயரகத்துக்கு மனு எழுதும் நம் பங்கு மக்களும் இம்முறையையே கைக்கொள்கின்றனர்.) பொருளுதவி கேட்டார், சீனப் பேரரசர் வழியாக அரசை நெருக்கக் கேட்டார், ஈற்றில், நூற்றுக்கணக்கான மேலைநாட்டுக் கப்பல்களும் ஐம்பது அறுபதாயிரம் படைவீரரும் பீரங்கிகளுடன் வந்து மிரட்டினால் மறைக்கு வழி திறக்கும் என்றார்.

மடல் போய்ச் சேரவில்லை. தூது செல்லவிருந்தோர் பிடிபட, அதுவும் அரசின் கையில் சிக்கியது. ஹ்வாங் அவ்வாண்டே கொல்லப்பட்டார். மனைவி அடிமையாக ஜேஜு தீவுக்கு அனுப்பப்பட்டார். அரசோ அம்மடலை ஆயிரம் எழுத்துக்கும் குறைவாகச் சுருக்கி, கப்பலையும் படையையும் முன்னிறுத்திச் சீன அரசவைக்கு அனுப்பிற்று. மறைசாட்சியரின் கதை போயிற்று. பீரங்கி மட்டும் எஞ்சிற்று. அதன்பின் நெடுங்காலம் கொரியக் கிறிஸ்தவர் நாட்டைக் காட்டிக்கொடுப்போர் எனப் பழி சுமந்தனர்.

அதே கலாபனையில், ஜொன்ஜு நகர்ச் சிறையில், இருபது வயதை எட்டாத லுட்கார்டா யி சுன்-யி தம் தாய்க்கும் சகோதரிகளுக்கும் மடல்கள் எழுதினார். கற்றோர் பெண்டிர்க்குரியதென இகழ்ந்த ஹங்குல் எழுத்தில், தமக்காகத் துயருற வேண்டாமெனத் தாயைத் தேற்றினார். 1802 தொடக்கத்தில் அவரும் கொல்லப்பட்டார். 2014இல் அருளாளராக உயர்த்தப்பட்ட 124 பேரில் அவர் ஒருவர். ஹ்வாங்கின் பெயர் அப்பட்டியலிலும் இல்லை, 1984இல் புனிதராக்கப்பட்ட 103 பேரின் பட்டியலிலும் இல்லை.

இவ்விரு மடல்களை ஒரே தராசில் நிறுப்பது நீதியன்று என்றே நாம் கருதுகிறோம். மகள் தாய்க்கு எழுதியது ஒன்று. ஆயனை இழந்த மந்தைக்காக ஒருவர் எழுதியது மற்றொன்று. தன் சாவைத் தான் ஏற்பது எளிதன்று. பிறர் சாவதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருப்பது அதனினும் கடிது. ஆயினும், அவர் வேண்டியது தவறே என்று சொல்லத் துணிகிறோம். அறுபதினாயிரம் வீரர் வந்திறங்கினால் யாருடைய வயலை மிதிப்பர்? யாருடைய சூளையை இடிப்பர்? தம்மை ஒளித்துவைத்த குயவர்களையொத்த எளியவர்களின் உயிரையே அவர் பணயம் வைத்தார். அவர்களை யாரும் கேட்கவில்லை. துன்பம் நமக்கு எத்தனையோ உரிமைகளைத் தரலாம். பிறருடைய குருதியைப் பேரம் பேசும் உரிமையைத் தருவதில்லை.

பழைய ஆவணங்களுக்கிடையே கிடந்த அம்மடல் 1894இல் கண்டெடுக்கப்பட்டு, ஆயர் மியூட்டலின் கைக்கு வந்தது. கப்பலைப் பற்றிய வரிகளை அவரும் அறிவார். ஆயினும் அதனைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்து வெளியிட்டு, 1925இல் கொரிய மறைசாட்சியர் 79 பேர் அருளாளராக்கப்பட்டபோது, மூலப் பட்டையே திருத்தந்தை பதினோராம் பத்திநாதருக்குக் கையளித்தார். இன்று அது வத்திக்கானில் உள்ளது, அவ்வரிகளும் உடன் இருக்க.