ஓல்டு நம்பர் ஒன் எந்த வண்டி?

1990-இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஒரு கார் வழக்கு நடந்தது. திருட்டு வழக்கல்ல, விபத்து வழக்குமல்ல. பேசப்படும் பென்ட்லி உண்மையிலேயே அந்தப் பென்ட்லிதானா என்பதுதான் தகராறு. 'ஓல்டு நம்பர் ஒன்' என்று பெயர்பெற்ற ஸ்பீட் சிக்ஸ் அது. 1929, 1930 இரண்டு வருடமும் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் முதலில் வந்த வண்டி. 1 கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், இது அசல் அல்ல என்று பின்வாங்க, உரிமையாளர் எட் ஹப்பர்ட் வழக்குப் போட்டார்.

சந்தேகத்துக்கு இடம் இருக்கத்தான் செய்தது. லு மானில் வென்றபோது இருந்தது ஆறரை லிட்டர் இன்ஜின். பிறகு 8 லிட்டர் இன்ஜின் ஏறியது. 1932-இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தின் சாய்ந்த வளைவில் வண்டி விளிம்பைத் தாண்டிப் பறந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபி இறந்தார். அதற்கப்புறம் கூரை வைத்த வேறு உடல் வந்தது. வழக்கு வந்தபோது 1930-ஆம் வருடத்து உறுப்புகளில் மிஞ்சியவை கியர்பாக்ஸின் கூடு, ஸ்டீயரிங் தண்டு என்று விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

இந்தக் கேள்வி இரண்டாயிரம் வருடம் பழையது. தேரில் வந்து இறங்கிய கிரேக்க அரசன் மெனாண்டரை, 'மிலிந்த பன்ஹா'வில் பிக்கு நாகசேனர் மடக்குகிறார். அச்சு தேரா? சக்கரம் தேரா? நுகம் தேரா? எதுவுமில்லை, இவற்றுக்கு வெளியே தனியாக ஒரு தேரும் இல்லை. எல்லாம் கூடி நிற்பதற்கு நாம் வைத்த பெயர் தேர், அவ்வளவுதான். அதே நூலில் விளக்கும் வருகிறது: முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றல்ல, ஆனாலும் இரவெல்லாம் எரிந்தது ஒரே விளக்கு.

நீதிபதி ஆட்டன் நாகசேனரைப் படித்தாரோ என்னவோ, விளக்கின் பக்கமே சாய்ந்தார். அசல் உறுப்புகள் சொற்பம் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் எந்தக் கட்டத்திலும் அந்த வண்டி இல்லாமல் போய், இன்னொன்று அதன் இடத்துக்கு வரவில்லை. மாற்றங்கள் அதற்குள்ளேயே நடந்தன. எனவே இது ஓல்டு நம்பர் ஒன்னேதான். ஹப்பர்ட் வென்றார்.

தீர்ப்பு சரியே. பந்தய வண்டியிடம் உறுப்பு மாறாத தூய்மையைக் கேட்பது, அதன் தொழிலையே மறுப்பது. 1927 லு மானில், ஒயிட் ஹவுஸ் வளைவில் நடந்த மோதலில் சிக்கிய பென்ட்லி ஒன்றை, வளைந்த முன் அச்சோடும் ஒற்றை முகப்பு விளக்கோடும் டேவிஸும் பெஞ்சஃபீல்டும் ஓட்டி வென்றார்கள். அந்த வண்டியைப் பிறகு லண்டன் சவாய் ஹோட்டலுக்குள்ளேயே கொண்டுபோய் விருந்து வைத்தார்கள். அச்சை மாற்றியதும் அது லு மானில் வென்ற வண்டி இல்லை என்றாகிவிடுமா?

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. லு மானில் 1955 முதல் தொடர்ந்து மூன்று வருடம் வென்ற டி-டைப்பைச் சாலைக்கு ஏற்ப மாற்றி, ஜாகுவார் எக்ஸ்கேஎஸ்எஸ் என்று கொண்டுவந்தது. 1957-இல் பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலைத் தீயில் ஒன்பது வண்டிகள் எரிந்தன. 2016-இல் அந்த ஒன்பதுக்கும் ஈடாகப் புதிதாக ஒன்பது செய்வதாக நிறுவனமே அறிவித்தது. வடிவம் அச்சு அசல். செய்தவரும் அதே நிறுவனம். ஆனால் நடுவில் அறுபது வருடம் வெறும் சாம்பல். ஆட்டனின் அளவுகோலில் இவை தேறாது; நல்ல வண்டிகள், ஆனால் வேறு வண்டிகள்.

தாமஸ் ஹாப்ஸ் கேட்ட சிக்கல்தான் பாக்கி. பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பலிலிருந்து கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் சேர்த்து வைத்து ஒருவன் இன்னொரு கப்பல் கட்டினால்? ஓல்டு நம்பர் ஒன்னின் பழைய இன்ஜினும் உடலும் எங்கோ ஒன்றுகூடி இன்னொரு பென்ட்லியாக நீதிமன்ற வாசலுக்கு வந்திருந்தால், ஆட்டனின் வேலை கடினமாகியிருக்கும். அப்போதும் தீர்ப்பு மாறியிருக்காது என்றே தோன்றுகிறது. அந்த உறுப்புகள் ஏதோ ஒரு கொட்டகையில் கிடந்த வருடங்களில் தடத்தில் ஓடியது இந்த வண்டி. டன்ஃபியின் உயிரைக் குடித்ததும் இதே வண்டிதான்.