சட்டமும் அதன் வரலாறும்

சட்டத்தின் எழுத்தை அறிந்தால் மட்டும் நீதி வழங்கிவிட முடியுமா? ஒரு விதியின் சொல்லோடு, அது எழுந்த காரணத்தையும் ஓதியறிய வேண்டும் என்பது அரபுக் கல்லூரிகளின் பழைய பாடம். காரணம் அறியாதவன் சொல்லைக் கொண்டே அதன் கருத்தை வீழ்த்திவிடுவான்.

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. சந்ததியார் பயன் துய்த்து, வமிசம் அற்றபின் ஏழைகளைச் சேருமாறு சொத்தை வக்ஃபு செய்வது முஸ்லிம்களின் நெடுங்கால முறை. 1894இல் இலண்டன் பிரிவி கவுன்சில், வங்காளத்து வழக்கொன்றில், ஏழைகளின் பங்கு பெயரளவினதே எனக் கூறி அத்தகைய வக்ஃபைச் செல்லாததாக்கியது. குடும்பத்தாரை ஆதரிப்பதும் தருமமே என்னும் ஷரீஅத்தின் கருத்து அங்கே எடுபடவில்லை. 1892இல் நீதிபதி அமீர் அலி கல்கத்தாவில் விரித்துரைத்த பிக்ஹு ஆதாரங்களும் பயன் தரவில்லை. மௌலானா ஷிப்லி நுஃமானி போன்றோர் பாடுபட, ஜின்னா மசோதா கொண்டுவர, 1913இல் சட்டம் இயற்றப்பட்ட பின்பே அம்முறை மீண்டது.

வியப்பு யாதெனில், ஆங்கிலச் சட்டத்தின் வரலாற்றை ஆராய்வதற்கென்றே 1887இல் மெய்ட்லண்ட் என்னும் பேரறிஞர் இங்கிலாந்தில் செல்டன் கழகத்தை நிறுவியிருந்தார். பழைய நீதிமன்ற ஏடுகளைப் பதிப்பிக்கும் அதன் பணி இன்றும் தொடர்கிறது. கழகம் எவர் பெயரைத் தாங்குகிறதோ அந்த ஜான் செல்டன் (1584–1654) அரபு பயின்றவர். 1642இல் அரபு வரலாற்று நூலொன்றின் பகுதியை அச்சிட்டவர். தம் சட்டத்துக்குக் காட்டிய பொறுமையை அந்நாட்டு நீதிபதிகள் பிறர் சட்டத்துக்குக் காட்டவில்லை. இது அறிவின் குறை மட்டுமா? நீதியின் குறையுமாகும்.

பிறரைச் சொல்லுமுன் நம் வாசலையும் நோக்குவோம். திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் நொய்யலில் கழிவுநீர் விடலாகாதென 2006 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அது நிறைவேறாமையால் 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே பாழான வயலையும், வேலையிழந்த தொழிலாளியின் அணைந்த அடுப்பையும் ஒருங்கே அறியாதவன், நூறாண்டு கழித்து அத்தீர்ப்பின் நியாயத்தை எங்ஙனம் உணர்வான்?

பழையது என்பதனாலேயே எதுவும் நியாயமாகிவிடாது. ஆயினும் பழையதை அறியாமல் அதைத் தள்ளுவதும் கொள்ளுவதும் குருட்டுச் செயல். ஜமாஅத் பதிவேடுகளும் வக்ஃபுப் பத்திரங்களும் வழக்குக் கட்டுகளும் பரணிலே கறையானுக்கு இரையாகலாமா? அவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வருங்காலத்தவர் நமக்கு நீதி செய்யவேண்டுமாயின், அதற்குரிய சான்றை விட்டுச் செல்வது நம் கடமை.