எழுத்துகள் கேட்கும் சொல்

ஆங்கிலத்தில் ஒரு விளையாட்டு உண்டு. சில எழுத்துகளைக் கொடுத்து, அவை அனைத்தும் அடங்கிய நீண்ட சொல் ஒன்றைக் கண்டுபிடிக்கச் சொல்வது. ஐந்து உயிரெழுத்துகளும் வர வேண்டும் என்றால் 'எஜுகேஷன்' உடனே அகப்படும். அகரவரிசை மாறாமல் வர வேண்டும் என்றால் 'ஃபஸீஷியஸ்', 'அப்ஸ்டீமியஸ்'. தலைகீழ் வரிசையில் வேண்டுமென்றால் 'ஸப்கான்டினென்டல்'. ஒன்று அசட்டு வேடிக்கையைக் குறிப்பது, மற்றொன்று உணவிலும் குடியிலும் அடக்கத்தை. மூன்றாவது நாம் வாழும் நிலப்பரப்பைப் பற்றியது. ஆனால் இந்த அர்த்தங்களுக்காக அவை தேர்வாகவில்லை. அர்த்தம் இங்கே அழையா விருந்தாளி.

சொல்லைப் பொருளுக்காக அன்றி எழுத்துக்காகத் தேடுவது மொழிக்குச் செய்யும் துரோகமா? யோசிக்காமல் ஆம் என்று சொல்லிவிடுவோம். சொல் அனுபவத்திலிருந்து பிறக்க வேண்டும் என்பது நம் வட்டத்தில் ஏறக்குறைய ஒரு மதநம்பிக்கை.

அப்படியானால் எதுகை தேடிய புலவன் செய்தது என்ன? இரண்டாம் எழுத்து இன்னது என்று முதலில் தீர்மானமாகிவிடுகிறது. சொல் பிறகுதான் வருகிறது. சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி, பல பொருள் தரும் சொற்களை எதுகை வரிசையில்தான் அடுக்கி வைத்திருக்கிறது. அதை மனனம் செய்தவனுக்கு எழுத்தைச் சொன்னால் சொல் வந்து நிற்கும். இதற்காக அந்தப் புலவர்களையெல்லாம் பொய்யர்கள் என்று சொல்லிவிட முடியாது. எழுத்தின் நிர்ப்பந்தம் சில சமயம் பழகிய சொல்லை மறித்து, தானாகப் போயிருக்க மாட்டாத இடத்துக்குக் கவிஞனைத் தள்ளுகிறது. சில சமயம் வெறும் அசைச்சொல்லைக் கொண்டுவந்து அடைக்கிறது. ஆக, பிரச்னை தேடும் முறையில் இல்லை. வேறெங்கோ இருக்கிறது.

நியூஸிலாந்துக்காரரான நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-ல் பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போனார். 2024-ல் ஸ்பானிய மொழியிலும் இதையே செய்தார். கேட்டவுடன் ஒரு கூச்சம் எழுகிறது. ஒரு மொழியின் சொற்களையெல்லாம் வைத்துக்கொண்டு அதில் ஒருவரிடம் தண்ணீர் கேட்கத் தெரியாதவரை அறிஞர் என்பதா, கிடங்கு என்பதா? ஆனால் ரிச்சர்ட்ஸிடம் பாசாங்கு கிடையாது. பிரெஞ்சு தெரியும் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. லெட்ஜர் டாலியாகிவிட்டதால் கடன்காரனின் வாழ்க்கையும் நேராகிவிட்டது என்று எந்த வங்கிக் குமாஸ்தாவும் நினைப்பதில்லை. டாலி என்பது ஒரு தளம், வாழ்க்கை வேறொரு தளம். இரண்டையும் குழப்பாதவரை எழுத்து விளையாட்டில் அதர்மம் ஏதும் இல்லை.

குழப்பம் நேரும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். ஆங்கில அகராதிகளில் உள்ள மிக நீளமான சொல் நாற்பத்தைந்து எழுத்துகள் கொண்டது: 'நிமோனோஅல்ட்ராமைக்ரோஸ்காபிக்ஸிலிக்கோவால்கேனோகோனியோஸிஸ்'. மிக நுண்ணிய கல்தூளைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோய் என்று பொருள். 1935-ல் அமெரிக்கப் புதிர்ப்பிரியர்களின் தேசியச் சங்கத் தலைவர் எவரெட் ஸ்மித் இதைச் செய்தார். நீளமாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே நோக்கம். மருத்துவனுக்கு இது தேவைப்படவில்லை. 'ஸிலிகோஸிஸ்' என்ற சொல் ஏற்கெனவே இருந்தது.

அதே வருஷங்களில் மேற்கு வர்ஜீனியாவில் அந்த நோயால் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். 1930-ல் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் மின்சாரத்துக்காக மலையைக் குடைந்தார்கள். பாறையில் ஸிலிகா மிகுதி. தூசியை அடக்கத் தண்ணீர் விடாமல் துளையிட்டார்கள், தொழிலாளருக்கு முகமூடியும் தரவில்லை. இறந்தவர்கள் நூற்றுக்கணக்கில், பெரும்பாலோர் வேலை தேடி வந்த கறுப்பர்கள். 1936-ல் அமெரிக்கக் காங்கிரஸின் குழு ஒன்று இதை விசாரித்தது. அந்தச் சாட்சியங்களை எடுத்துக்கொண்டு ம்யூரியல் ருகைஸர் என்ற கவி 1938-ல் ஒரு நெடுங்கவிதைத் தொடரை வெளியிட்டார். சாட்சிகளின் பேச்சு, மருத்துவரின் அறிக்கை, பங்குச் சந்தை விலை — இவைதான் அதன் சொற்கள்.

ஸ்மித் கல்நெஞ்சர் என்று நான் சொல்ல வரவில்லை. சுரங்கத்தை அவர் நினைத்தாரா என்பதும் இங்கே கேள்வி இல்லை. இன்று நாற்பத்தைந்து எழுத்துகளையும் ஒரே மூச்சில் சொல்லிக் கைதட்டல் வாங்கும் சிறுவனுக்கு அது மூச்சு திணறிச் செத்தவர்களின் நோய் என்று தெரியாது. நோயின் பெயர் நோயை மறைத்துவிட்டது. எழுத்தால் கிடைத்த சொல் பொருளால் கிடைத்த சொல்லின் ஆசனத்தில் ஏறி உட்காரும்போது நேர்வது இதுதான்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. ஜார்ஜ் பெரெக் 1969-ல் பிரெஞ்சு மொழியில் மிகுதியாக வரும் 'ஈ' என்ற எழுத்தை அறவே விலக்கி ஒரு முழு நாவல் எழுதினார். சர்க்கஸ் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்த எழுத்து இல்லாமல் பிரெஞ்சில் தந்தை, தாய் என்ற சொற்களை எழுத முடியாது. பெரெக் என்ற பெயரையும் எழுத முடியாது. அவருடைய தந்தை 1940-ல் போரில் இறந்தார். தாய் 1943-ல் ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பவில்லை. நிர்ப்பந்தம் இங்கே ஒரு இழப்பின் வடிவம்.

இதைப் பிரெஞ்சுப் புதுமை என்று மயங்க வேண்டாம். தண்டியின் தசகுமார சரிதத்தில் ஏழாம் பகுதி முழுவதும் உதடு சேரும் எழுத்துகள் இல்லை. கதை சொல்லும் மந்திரகுப்தனின் உதட்டைக் காதலி கடித்துப் புண்ணாக்கியிருக்கிறாள். அவனால் உதட்டைச் சேர்க்க முடியாது. காரணம் இன்பமானது, ஆனாலும் காயம் காயம்தான். நம்முடைய நிரோட்டகங்கள் விதியைக் காப்பாற்றின. காயத்தைக் காப்பாற்றினவா என்று சிவப்பிரகாசரின் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதியை வைத்துக்கொண்டு யாராவது விவாதிக்கலாம்.

இன்று கேட்ட எழுத்துகளைக் கொண்ட நீண்ட சொல்லை இரண்டரை லட்சம் சொற்களிலிருந்து கம்ப்யூட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்துத் தந்துவிடுகிறது. தேடும் திறமைக்கு இனி மதிப்பில்லை. இந்த எழுத்துகள் ஏன், இந்த விதி ஏன் என்ற கேள்வி மட்டும் மனிதனிடம் மிஞ்சுகிறது. எதுகையை உதறிவிட்ட நாமும் இதிலிருந்து தப்ப முடியாது. பிரக்ஞை, இருத்தல், வெறுமை என்று ஒரு சிறு தொகுப்பு நம்மிடமும் இருக்கிறது. அவை வந்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில்தான் இங்கே பல கவிதைகள் எழுதப்படுகின்றன. ஸ்க்ராபிள் ஆடுகிறவனாவது ஆட்டம் முடிந்ததும் எழுத்துகளைப் பைக்குள் போட்டுவிடுகிறான்.