கேடயத்தில் தாயின் நிலம்

பெல்ஜியத்தின் புருஜ் நகரிலுள்ள அன்னை மரியாள் தேவாலயத்தில், பீடத்தை ஒட்டிய மர இருக்கைகளுக்கு மேலே வண்ணம் தீட்டிய பலகைகள் வரிசையாக உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு குலச்சின்னக் கேடயம். அதன்மேல் தலைக்கவசம். கேடயத்தைச் சுற்றி ஒரு கழுத்தணி, அதில் தொங்கும் சிறிய ஆட்டுத்தோல். 1468 மே மாதம் தங்க ஆட்டுத்தோல் சங்கம் இங்கே கூடியபோது, யாருடைய இருக்கை எது என்று காட்ட வைக்கப்பட்டவை இவை. வர முடியாதவருக்கும் பலகை உண்டு. இறந்துபோனவருக்கும் உண்டு, காலமானார் என்ற குறிப்போடு அவருடைய இடம் காக்கப்படும். இல்லாத ஆணுக்கும் இடம் ஒதுக்கிய அந்த வரிசையில், உயிரோடிருந்த எந்தப் பெண்ணுக்கும் இடமில்லை.

ஆண்களின் சங்கத்தில் பெண்கள் இல்லை என்பதைச் சொல்ல ஒரு கட்டுரை தேவையில்லை. என் கேள்வி வேறு. ஒருவர் வழியாக வந்துசேர்ந்த மதிப்பு, அவருக்கு உரியதாகாமல் மற்றவருக்கு மட்டும் உரியதாக முடியுமா?

பர்கண்டியின் கோமகன் பிலிப், போர்ச்சுகல் இளவரசி இசபெல்லாவை மணந்த வேளையில், 1430 ஜனவரியில், புருஜ் நகரில் இந்தச் சங்கத்தைத் தொடங்கினார். குடிப்பிறப்பும் பழியற்ற பெயரும் உள்ளவரே உறுப்பினர் ஆகலாம். சின்னம், கிரேக்கக் கதையில் ஜேசன் கொண்டுவந்த தங்க ஆட்டுத்தோல். அந்தக் கதையை அறிந்தவர்களுக்கு அங்கேயே ஒரு நெருடல் தோன்றும். தோலை ஜேசன் தன் வீரத்தால் மட்டும் பெறவில்லை. தந்தையையும் நாட்டையும் துறந்து மெடியா செய்த உதவியால் பெற்றான். பிறகு அவளுக்குத் தந்த வாக்கை முறித்து வேறொருத்தியை மணந்தான்.

இந்த நெருடல் சங்கத்துக்கும் இருந்தது. அதன் முதல் சான்சலரான ஆயர் ஜான் ஜெர்மேன், வாக்குத் தவறியவன் விசுவாசத்தின் அடையாளமாக இருக்கலாகாது என்று கருதி, ஜேசனுக்குப் பதிலாக விவிலியத்தின் கிதியோனை முன்வைத்தார். கிதியோன் களத்தில் விரித்து வைத்த ஆட்டுத்தோல் பனியில் நனைந்த கதை அது. பழைய காலத்தை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு பெண்ணுக்குச் செய்த துரோகம் களங்கம் என்ற அளவுகோல் அவர்களிடமே இருந்தது. அதைக் கொண்டு அவர்கள் நாயகனை மாற்றினார்கள். மாற்றிய கதையில் மெடியாவுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. களங்கத்தைத் துடைத்த கை, களங்கப்பட்டவளையும் சேர்த்துத் துடைத்துவிட்டது.

இப்போது கேடயங்களைப் பார்க்கலாம். குலச்சின்னக் கலையில், ஆண் வாரிசு இல்லாத வீட்டின் மகளை மணந்த குடும்பம், அவள் கொண்டுவந்த நிலத்தின் சின்னத்தைத் தன் கேடயத்தில் சேர்த்துக்கொள்ளும். கேடயம் நான்காக, எட்டாகப் பகுபடும். பர்கண்டிக் கோமகன்களின் கேடயத்தில், நடுவில் பொன்னிறப் புலத்தில் ஒரு கருஞ்சிங்கம் நிற்கிறது. அது ஃபிளாண்டர்ஸ் நாட்டின் சின்னம். அந்த நாட்டின் வாரிசான மார்கரெட் 1369இல் பர்கண்டிக் குடும்பத்தில் மணம் முடித்ததால் வந்தது. புருஜ் நகரமே ஃபிளாண்டர்ஸில்தான் இருக்கிறது. சங்கம் கூடிய தேவாலயம் நிற்கும் மண்ணே ஒரு பெண் வழியாக வந்தது.

1519இல் பார்சிலோனா பேராலயத்தில் ஐந்தாம் சார்ல்ஸ் இந்தச் சங்கத்தைக் கூட்டினார். அங்கே சின்னங்களை இருக்கைகளின் மேலேயே தீட்டினார்கள். சார்ல்ஸின் கேடயத்தில் காஸ்டிலின் கோட்டையும் அரகோனின் சிவப்பு மஞ்சள் பட்டைகளும் தாய் யுவானா வழி வந்தவை. பர்கண்டி, பாட்டி மேரி வழி வந்தது. யுவானா அப்போதும் சட்டப்படி அரசி. ஆனால் 1509 முதல் தோர்தேசியாஸில் அடைத்து வைக்கப்பட்டிருந்தார். 1555இல் அங்கேயே இறந்தார். அவருடைய கோட்டைச் சின்னம் ஊர்வலம் போனது. அவர் அறைக்குள் இருந்தார்.

பாட்டி மேரியின் கதை இன்னும் நேரானது. 1477 ஜனவரியில் தந்தை சார்ல்ஸ் நான்சிப் போர்க்களத்தில் இறந்தபோது அவருக்கு 19 வயது. நாடுகள் அவருக்கு வந்தன. சங்கத்தின் தலைமை வரவில்லை. மகள் மட்டுமே வாரிசானால் அவளுடைய கணவனே தலைவன் என்பது விதி. ஆகஸ்டில் மேரி மாக்சிமிலியனை மணந்தார். 1478இல், புருஜிலேயே, மாக்சிமிலியன் தலைவரானார். பர்கண்டியில் பிறக்காதவர், பர்கண்டியின் மகளை மணந்த தகுதியால், பர்கண்டியின் கௌரவத்துக்குத் தலைவர். 1482இல் குதிரையிலிருந்து விழுந்து, 25 வயதில், மேரி இறந்தார். அவருடைய கல்லறை அன்னை மரியாள் தேவாலயத்தில், அந்தப் பலகைகள் இருக்கும் அதே கூடத்தில்தான் இருக்கிறது. அதன் பக்கங்களில் மூதாதையரின் குலச்சின்னங்கள் கிளைகளாகப் படர்கின்றன. கூடத்துக்குள் மேரிக்கு இடம் கிடைத்தது, பிணமாக.

இதில் இழப்பு என்ன? நாடு கிடைத்ததே, பட்டம் எதற்கு என்று கேட்கலாம். இந்தச் சங்கத்தின் வழக்கம் ஒன்று அதற்குப் பதில் சொல்கிறது. கூட்டத்தில் ஒவ்வொரு உறுப்பினராக வெளியே அனுப்புவார்கள். அவருடைய நடத்தையை மற்றவர்கள் விவாதிப்பார்கள். அழைத்துப் பாராட்டுவார்கள் அல்லது கண்டிப்பார்கள். தலைவரும் விலக்கல்ல. 1468இல் கோமகன் சார்ல்ஸிடமே, பணியாளர்களிடம் கடுமையாகப் பேசுகிறார் என்று சொன்னார்கள். ஆணின் மானம் இப்படிப்பட்டது. ஈட்டலாம், குறையலாம், திருத்திக்கொள்ளலாம். அதைப் பற்றி அவனோடு பேச ஒரு சபை இருக்கிறது. பெண்ணின் மானம் என்று சொல்லப்படுவதோ வேறு பொருள். அவள் அதைச் சுமக்கலாம், கைமாற்றலாம், தவறவிடலாம். ஈட்ட முடியாது. தவறவிட்டால் தண்டனை அவளுக்கு. காப்பாற்றினால் பெருமை கேடயத்துக்கு. குடும்ப மானம் என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

திறமைக் குறைவு என்றும் சொல்ல முடியாது. ஆஸ்திரியாவின் மார்கரெட் 1507 முதல் 1515 வரையும், பின் 1519 முதல் 1530 வரையும் அந்த நாடுகளை ஆட்சி செய்தார். ஹங்கேரியின் மேரி 1531 முதல் 1555 வரை ஆண்டார். 1559இல் இரண்டாம் பிலிப் கெண்ட் நகரின் புனித பாவோ தேவாலயத்தில் சங்கத்தின் கடைசிக் கூட்டத்தை நடத்தினார். அதே ஆண்டு, ஆட்சிப் பொறுப்பைப் பார்மாவின் மார்கரெட்டிடம் ஒப்படைத்துவிட்டு ஸ்பெயினுக்குக் கிளம்பினார். சங்கத்தின் உறுப்பினர்கள் இந்தப் பெண்களின் ஆலோசனைச் சபைகளில் அமர்ந்தார்கள். ஆளலாம், அமரக் கூடாது.

பின்னாளில் சங்கம் இரு கிளையாகப் பிரிந்தது. ஆஸ்திரியக் கிளை இன்றும் ஆண்களுடையது. ஸ்பெயின் கிளை பெண்களை ஏற்றது. 2015இல், தன் 10ஆம் பிறந்தநாளை ஒட்டி, இளவரசி லியோனோருக்கு அந்தக் கௌரவம் வழங்கப்பட்டது. இதை நான் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் ஒரு பலகையைக் கூடுதலாக மாட்டுவதால் என் கேள்வி தீரவில்லை. பிறப்பால் வந்த மதிப்பை அணிந்துகொள்ள ஒரு பெண்ணுக்கும் அனுமதி கிடைத்தது, அவ்வளவுதான். அந்த மதிப்பைச் சுமந்து வந்தவர்களின் கணக்கு அப்படியே இருக்கிறது.

அந்தக் கணக்கைத் தீர்க்கப் புதிய பலகை தேவையில்லை என்று நினைக்கிறேன். இருக்கும் பலகைகளை முழுதாகப் படித்தால் போதும். நம் மொழியிலும் விருது என்ற சொல் பரிசை மட்டும் குறிக்கவில்லை. அரசர்களின் கொடியையும் சின்னத்தையும் குறித்தது. எந்த விருதைப் பார்த்தாலும், இது யார் வழியாக வந்தது என்று கேட்கலாம். கருஞ்சிங்கத்தைப் பார்க்கும்போது மார்கரெட் என்றும், கோட்டையைப் பார்க்கும்போது யுவானா என்றும், அந்தச் சிறிய ஆட்டுத்தோலைப் பார்க்கும்போது மெடியா என்றும் வாய்விட்டுச் சொல்லலாம். அப்படிச் சொன்னால், தன்னுடையது என்று ஒருவன் மாட்டிவைத்த கேடயத்தில் அவனுடைய பங்கு எவ்வளவு சிறியது என்பது தெரியும். கடன்பட்டதைத் தன் பெயரில் எழுதிக்கொள்வது கௌரவமாகாது. பழியற்றவர் என்ற தகுதியை அவர்கள் வைத்த விதிப்படியே சோதித்தாலும், அந்த வரிசையில் எத்தனை பலகைகள் மிஞ்சும்?