அதே வண்டியா?

ஒருவர் தம் புல்லட் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு, சில ஆண்டுகள் சென்றபின் மீண்டும் புல்லட்டையே வாங்குகிறார். ‘அதே வண்டிதான்’ என்று மகிழ்கிறார். அன்பர்களே, எது அதே?

1955-இல் மதராஸ் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் ரெட்டிச் நிறுவனத்துடன் கூடி என்பீல்டு இந்தியாவைத் தோற்றுவித்தது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. 1970-ஐ ஒட்டி ஆங்கில நிறுவனம் ஓய்ந்தது. பெயர் இங்கே வாழ்ந்தது. பழைய புல்லட்டில் கியர் வலப்புறம், பின்பிரேக் இடப்புறம். வார்ப்பிரும்பு எஞ்சின் 2010-ஐ ஒட்டிப் புகைக் கட்டுப்பாட்டு விதிகளால் மறைந்தது. 2023-இல் வந்த புல்லட்டின் எஞ்சினே வேறு, கியரோ இடப்புறம். பழகிய கால் இதை அறியுமா? பிரேக் என்றெண்ணி இடக்காலை அழுத்தினால், கியர் மாறுமேயன்றி வண்டி நில்லாது. பெயரை நம்பியதற்கு விலை சில வேளை உயிராகிவிடும்.

தேர் என்பது அச்சா, சக்கரமா, நுகமா என்று மிலிந்த மன்னனை நாகசேனர் வினவினார். சிவாஜிநகர் உதிரிபாகக் கடைகளில் அவ்வினா இன்றும் உயிருடன் இருக்கிறது. ஒன்றின் டாங்கியும் மற்றொன்றின் சக்கரமும் கூடி ஒரு புல்லட் ஆகிறது. அதைப் பொய் என்பது எங்ஙனம்? ஓடுகிறதே!

பழகியதையே திரும்ப வாங்குதல் குற்றமன்று. அதன் பழுது தெரியும், உதிரி கிடைக்கும், அது விவேகமே. ஆலையில் நாங்களும் பழகிய தறியையே கேட்போம். ஆனால் கழிந்த இன்பத்தை நாடி வாங்குவோர் ஒரு திங்களிலேயே ‘ஒலி சரியில்லை’ என்பர். விற்பர், இன்னும் பழையது ஒன்றைத் தேடுவர். ‘எந்த ஆண்டு வண்டி வேண்டும்?’ என்று கடைக்காரர் கேட்டால், தமக்கு இருபது வயதான ஆண்டையே சொல்வர்.