சொன்னபடி எழுந்தவர்

திருமழிசையாழ்வார் பிறந்தபோது கைகால் இல்லாத வெறும் பிண்டம். பெற்றவர்களே மூங்கில் புதரடியில் விட்டுவிட்டுப் போனார்கள் என்கிறது குருபரம்பரைக் கதை. பின்னாளில் அவருடைய சீடர் கணிகண்ணனைப் பல்லவ ராஜா நாடு கடத்தினான். ஆழ்வாரும் கிளம்பினார், அவர் சொன்னதும் காஞ்சிபுரத்துத் திருவெஃகாப் பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு கூடவே நடந்தார். அன்று ராத்திரி அவர்கள் தங்கிய ஊர் எங்கள் ஓரிக்கை.

இங்கே குடியிருந்துகொண்டு, உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு பிசியோதெரபி செய்கிறேன். கதையில் பின்னால் ஆழ்வாருக்குக் கைகால் முளைத்துவிடுகிறது. நான் பார்க்கும் பிள்ளைகளுக்கு அப்படி நடப்பதில்லை. அதனால் எனக்கு இரண்டாவது அற்புதம்தான் முக்கியம்: படுத்திருந்த பெருமாள் எழுந்து வந்தது. எட்டாத பரம்பொருள் எட்டும்படி வருவதை வைணவம் சௌலப்யம் என்கிறது. அதனால் அவர் பெருமை ஒரு குன்றிமணி அளவும் குறையவில்லை. ஆனால் எளிதாக வருவதும் இரக்கப்பட்டுக் கொடுப்பதும் ஒன்றா?

இந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியவன் மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பையன். இடது கை மார்போடு மடங்கியிருக்கும். கேமரா முன்னால் கையை அசைத்தால் பலூன் உடைகிற ஆட்டம் ஒன்றை ஒரு கல்லூரி மாணவி அவனுக்காக எழுதிக் கொடுத்தாள். அவன் கையைத் தூக்குவதற்குள் பலூன் மேலே போய்விடும். வேகத்தைக் குறைத்தாள். இரண்டு பலூன் உடைத்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இது பாப்பா கேம்."

கனடாவில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் கிரஹாம் குழுவினர், இதே பாதிப்புள்ள பிள்ளைகளையே கூட வைத்துக்கொண்டு, பெடல் மிதித்து ஆடும் 'லிபெரி' விளையாட்டுகளை உருவாக்கினார்கள். 2013-ல் வெளியான அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை சொல்வது இதுதான்: விறுவிறுப்பை எடுத்துவிட வேண்டியதில்லை. குறி துல்லியமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுங்கள், தவறுக்கான தண்டனையைக் குறையுங்கள், பாதையை எளிமையாக்குங்கள். இதைப் படித்தபோது எனக்குச் சௌலப்யம் புரிந்த மாதிரி இருந்தது: விறுவிறுப்பு குறையாமலே ஆட்டம் எட்டும்படி வருகிறது. இதற்கு நேர்மாறாக, உடல் அசைவைக் கேமராவால் கண்டறிந்து ஆடவைக்கும் கினெக்ட் கருவி 2010-ல் வந்தபோது நிற்கிற உடம்பை மனதில் வைத்துச் செய்யப்பட்டிருந்தது. உட்கார்ந்திருப்பவரின் மேலுடம்பை மட்டும் பின்தொடரும் வசதி 2012-ல்தான் சேர்ந்தது. முதலில் நீ எழுந்து நில் என்று சொல்லும் சாமியை யார் கும்பிடுவது?

மாணவி வேகத்தைப் பழையபடி ஏற்றினாள். பையனின் கை எட்டுகிற இடத்திலேயே பலூன் முளைக்கும்படி மாற்றினாள். அவன் தோற்றான், கத்தினான், இன்னொரு ஆட்டம் வேண்டுமென்று அடம்பிடித்தான்.

"இதை ஆடினா கை நீளுமா சார்?" என்று அம்மா கேட்டார். கொஞ்சம் தளரலாம் என்றேன். ஆனால் மூத்தவன் தெருவில் கிரிக்கெட் ஆடும்போது யாரும் இப்படிக் கேட்பதில்லையே! மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கும் மற்ற பிள்ளைகளைப் போலவே விளையாட்டில் இடம் வேண்டும் என்கிறது ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-வது பிரிவு. 2007-ல் இந்தியா அதை ஏற்றது. கை தளர்ந்தால்தான் விளையாடலாம் என்று அதில் நிபந்தனை இல்லை.

இப்போது அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆடுகிறார்கள். தம்பிக்குப் பெரிய பலூன், அண்ணனுக்குச் சின்னது, புள்ளி இருவருக்கும் ஒன்றுதான். இது அநியாயம் என்கிறான் அண்ணன். நியாயம் என்றுதான் நான் அவனிடம் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.